பல வழங்கிகள், ஒரே பதிப்பு: மென்பொருள் இற்றைப்படுத்தலின் வரலாறு

வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசுத் துறை என எதை எடுத்துக்கொண்டாலும் இன்று கணினிச் சேவை ஒரே இயந்திரத்திலிருந்து வருவதில்லை. சர்வர் எனப்படும் வழங்கிகள் பத்தாகவும் நூறாகவும், மிகப் பெரிய நிறுவனங்களில் லட்சக்கணக்கிலும் நின்று ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்கின்றன. பயனர் அனுப்பும் கோரிக்கை அவற்றில் எதனிடம் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எதனிடம் போனாலும் ஒரே விடைதான் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. அதற்கு எல்லா வழங்கிகளிலும் இயங்குதளமும் மென்பொருளும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும்.

சொல்வது எளிது. ஆனால் இயங்குதளங்களுக்கு வாரந்தோறும் திருத்தங்கள் வருகின்றன. நூறு வழங்கிகளுக்கு ஒரு திருத்தம் அனுப்பப்படும் இரவில் ஒன்று அணைந்திருக்கும். ஒன்றில் வட்டு நிரம்பியிருக்கும். இன்னொன்றில் போன மாதம் யாரோ அவசரத்துக்குக் கையால் செய்த மாற்றம் திருத்தத்தை ஏற்க விடாது. காலையில் பார்த்தால் தொண்ணூற்றேழு ஒரு நிலையிலும் மூன்று வேறு நிலையிலும் இருக்கும். இந்த மூன்றைக் கண்டுபிடிக்கும் வழிகளின் கதைதான் இத்துறையின் கடந்த நாற்பது ஆண்டு வரலாறு. திருத்தத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வியோடு அது தொடங்கியது. எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது. இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினமானது.

ஒட்டுப் போட்ட காலம்

திருத்தத்தைக் குறிக்கும் ‘பேட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் ஒட்டு. தொடக்கக் காலக் கணினிகளின் நிரல்கள் காகித நாடாவிலும் அட்டையிலும் துளைகளாகப் பதிக்கப்பட்டன. தவறான துளையை மூட அதன்மேல் காகிதத் துண்டு ஒட்டினார்கள். பிழை நீளமாக இருந்தால் நாடாவின் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிய துண்டை இணைத்தார்கள். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போன்ற வேலைதான். ஓர் ஆய்வகத்தில் ஒரே கணினி இருந்தவரை இதில் வேறு சிக்கல் இல்லை.

1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக உருவான ‘டிஃப்’ என்ற நிரல், இரண்டு கோப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் வரிவரியாக எடுத்துத் தந்தது. 1985இல் லாரி வால் அதற்கு மறுபாதியை எழுதினார். ‘பேட்ச்’ என்றே பெயரிடப்பட்ட அந்த நிரல், வேறுபாட்டுப் பட்டியலைப் படித்துப் பழைய கோப்பைப் புதியதாக மாற்றியது. முழு நிரலையும் அனுப்ப வேண்டியதில்லை. மாறிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவரும் இவரே.

வாலின் நிரலில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பெறுபவரின் கோப்பில் வரிகள் சற்று மேலே கீழே நகர்ந்திருந்தால், திருத்தத்துக்குப் பொருந்தும் இடத்தை அது அக்கம்பக்கத்தில் தேடும். இடம் கிடைக்காத பகுதியைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்து நிர்வாகிக்குக் காட்டும். ஒரே நிரலை வைத்திருக்கும் இருவரின் நகல்கள் ஒன்றுபோல் இருக்க மாட்டா என்பது அன்றே எதிர்பார்க்கப்பட்ட செய்தி.

தள்ளுதலும் இழுத்தலும்

1980களில் பெரிய கணினி ஒன்றுக்குப் பதிலாகப் பல யூனிக்ஸ் பணிநிலையங்களை வலையமைப்பில் இணைக்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் பரவியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1986இல் 4.3பிஎஸ்டி இயங்குதளத்துடன் வந்த ‘ஆர்டிஸ்ட்’ என்ற நிரல் இந்தச் சூழலுக்கானது. எந்தக் கோப்புகள், எந்தெந்த இயந்திரங்களுக்கு என்று ஒரு பட்டியல் எழுதிவிட்டால், அது ஒவ்வோர் இயந்திரமாகப் போய் ஒப்பிட்டு, மாறியிருக்கும் கோப்பை மட்டும் நகலெடுக்கும். மையத்திலிருந்து மாற்றத்தைத் தள்ளும் முறை இது. அந்த நேரத்தில் அணைந்திருந்த இயந்திரம் விடுபட்டுவிடும் என்பது இதன் குறை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983இல் டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய அதீனா திட்டம் வேறு வழியில் சென்றது. வளாகத்தில் எந்த மாணவர் எந்தக் கணினி முன் அமர்ந்தாலும் தம் கோப்புகளும் பழகிய சூழலும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே எந்தப் பணிநிலையத்துக்கும் தனித்தன்மை இருக்கக் கூடாது. மென்பொருள் மைய வழங்கிகளில் இருந்தது. பணிநிலையங்கள் தமக்கு வேண்டியதை அங்கிருந்து இழுத்துக்கொண்டன. கெட்டுப்போன இயந்திரத்தை உட்கார்ந்து பழுதுபார்ப்பதைவிட மென்பொருளைப் புதிதாக நிறுவுவதே மலிவு என்ற எண்ணமும் அங்கே இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து மேகக் கணிமையில் புதுமையாகப் பேசப்பட்ட கருத்தின் வித்து இதில் இருக்கிறது.

இவை நிர்வாகிகளின் வசதிக்காக உருவானவை. 1988 நவம்பர் 2 அன்று இற்றைப்படுத்தல் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறியது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழு, பிஎஸ்டி யூனிக்ஸில் மின்னஞ்சலைக் கையாளும் ‘சென்ட்மெயில்’, பயனர் விவரம் தரும் ‘ஃபிங்கர்’ ஆகியவற்றின் ஓட்டைகள் வழியாக இணையத்தில் பரவியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிடப்பட்டது. பெர்க்லி குழுவினர் விரைவிலேயே திருத்தத்தை எழுதி வலையில் வெளியிட்டார்கள். ஆனால் புழுவுக்கு அஞ்சி வலையிலிருந்து துண்டித்துக்கொண்ட இடங்களுக்கு, அந்தத் துண்டிப்பினாலேயே திருத்தம் சென்று சேரவில்லை. அந்த வாரங்களில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை, கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ‘செர்ட்’ என்ற அவசரநிலை ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தது. ஓட்டை பற்றிய அறிவிப்பு, அதற்கான திருத்தம், எல்லா இயந்திரங்களிலும் அதைச் சேர்த்தல் என்ற மூன்று படிகளும் அதன் பிறகு பழக்கமாயின. முதல் இரண்டும் காலப்போக்கில் விரைவடைந்தன. மூன்றாவது பின்தங்கியே இருந்தது.

எப்படிச் செய்வது, எப்படி இருக்க வேண்டும்

நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ் ஓர் இயற்பியலாளர். தம் துறையில் இருந்த பணிநிலையங்களையும் அவர் கவனிக்க வேண்டியிருந்தது. அவை பல நிறுவனங்களின் யூனிக்ஸ்கள். ஒவ்வொன்றிலும் கட்டளை சற்றே மாறும். அதனால் ஸ்கிரிப்டுகள் ‘இந்த வகையானால் இப்படி, அந்த வகையானால் அப்படி’ என்று நீண்டுகொண்டே போயின. இதற்கு விடையாக அவர் 1993இல் ‘சிஎஃப்எஞ்சின்’ என்ற மென்பொருளை எழுதினார்.

என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்வதில்லை. இயந்திரம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மட்டுமே எழுதுவார்கள். இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும், இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பன போன்ற விவரங்கள். மென்பொருள் அவ்வப்போது விழித்து, இருக்கும் நிலையையும் இருக்க வேண்டிய நிலையையும் ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் மாற்றும். ஏற்கெனவே சரியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. அணைந்திருந்த இயந்திரம் மறுநாள் எழுந்ததும் தானே சரியான நிலைக்கு வந்து சேரும். 1998இல் பாஸ்டனில் நடந்த லிசா மாநாட்டில் பர்ஜெஸ் இதை உடலின் நோயெதிர்ப்பு அமைப்போடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை படித்தார்.

அதே மாநாட்டில் ஸ்டீவ் ட்ராகாட்டும் ஜோயல் ஹடில்ஸ்டனும் படித்த கட்டுரை வேறு உலகத்திலிருந்து வந்தது. பல நாடுகளில் பரவிய பங்குவர்த்தக அரங்குகளின் கணினிகளை நான்கு ஆண்டுகள் நிர்வகித்த அனுபவம் அது. ஒவ்வோர் இடத்திலும் 300 முதல் 1,000 இயந்திரங்கள். தனித்தனி இயந்திரங்களாக எண்ணாமல் மொத்தத்தையும் ஒரே பெரிய இயந்திரமாகக் கருதி நிர்வகிக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. 2002இல் ட்ராகாட், லான்ஸ் பிரவுனுடன் சேர்ந்து இன்னும் கூர்மையான வாதத்தை வைத்தார். இரண்டு இயந்திரங்கள் முற்றிலும் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டுமானால், ஒரே மாற்றங்களை ஒரே வரிசையில் இரண்டிலும் செய்வதே மிகக் குறைந்த செலவில் அதை அடையும் வழி என்றார்.

வரிசையில் என்ன இருக்கிறது என்று மாணவர்களுக்குத் தோன்றலாம். லினக்ஸ் வழங்கி ஒன்றில் முதலில் தரவுத்தள மென்பொருளையும் பிறகு மின்னஞ்சல் மென்பொருளையும் நிறுவுவதாகக் கொள்வோம். மற்றொன்றில் இதையே தலைகீழாகச் செய்வோம். இரண்டிலும் நிறுவப்பட்டவற்றின் பட்டியல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஆனால் இந்த மென்பொருள்கள் நிறுவப்படும்போது தமக்கெனக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. அதற்கான எண் பெரும்பாலும் வந்த வரிசைப்படி வழங்கப்படும். முதல் வழங்கியில் தரவுத்தளத்துக்குக் கிடைத்த எண் இரண்டாவதில் மின்னஞ்சலுக்குக் கிடைத்திருக்கும். ஒரு நாள் ஒன்றின் கோப்புகளை எண்கள் மாறாமல் மற்றதில் மீட்டெடுத்தால், தரவுத்தளத்தின் கோப்புகளுக்கு மின்னஞ்சல் மென்பொருள் உரிமையாளர் ஆகிவிடும். பட்டியலைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பர்ஜெஸ் தரப்பின் பதில், எத்தனை முறை, எந்த வரிசையில் செய்தாலும் ஒரே முடிவில் சென்று நிற்குமாறு ஒவ்வொரு செயலையும் வடிவமைக்கலாம் என்பது. இந்த விவாதம் தீரவில்லை. பின்னால் வந்த கருவிகளிலும் அதன் தடம் இருக்கிறது. லூக் கேனிஸ் 2005இல் வெளியிட்ட பப்பெட், சிஎஃப்எஞ்சின் வழியில் நிலையை அறிவிக்கச் சொன்னது. 2009இல் ஆடம் ஜேக்கப் முதலானோர் கொண்டுவந்த செஃப், எழுதிய வரிசையிலேயே செயல்பட்டது. 2012இல் மைக்கேல் டிஹான் எழுதிய ஆன்சிபிள், ஒவ்வொரு வழங்கியிலும் தனி முகவர் நிரல் இல்லாமல் எஸ்எஸ்எச் வழியாக மையத்திலிருந்து மாற்றத்தைத் தள்ளியது. ஆர்டிஸ்டின் பழைய பாதைக்கு ஒருவகையில் அது திரும்பி வந்தது எனலாம். அறிவித்த நிலையோடு ஒப்பிடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

ஒரே குறிப்பு, வேறு நாள் மாவு

இதற்கிடையில் லினக்ஸ் உலகம் வேறொரு பகுதியைத் தீர்த்துவைத்தது. 1990களின் நடுவில் டெபியனின் டிபிகேஜி, ரெட் ஹேட்டின் ஆர்பிஎம் ஆகியவை மென்பொருளைப் பதிப்பு எண் இட்ட பொதிகளாக்கின. ஒரு வழங்கியில் என்னென்ன, எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று ஒரே கட்டளையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. 1999இல் டெபியன் 2.1 உடன் வந்த ஏப்ட், ஒரு பொதிக்குத் தேவையான மற்றப் பொதிகளையும் களஞ்சியத்திலிருந்து தானே தேடி எடுத்தது. ஆர்பிஎம் பக்கத்தில் அதே வேலையைச் செய்த யம், டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் செத் விடால் முதலானோரால் வளர்க்கப்பட்டது. இங்கேயும் இயற்பியல் துறை வருவது தற்செயலாக இருக்கலாம். ஆளுக்கு மிஞ்சிய கணினிகள் இருந்த இடங்கள் அவை.

இந்த வசதி புதிய வேறுபாட்டுக்கும் வழிவிட்டது. களஞ்சியம் ஓடும் ஆறு போன்றது. திங்கட்கிழமை பத்து வழங்கிகளையும் வியாழக்கிழமை மற்ற பத்தையும் அதே கட்டளையால் இற்றைப்படுத்தினால், இடையில் களஞ்சியத்துக்கு வந்த பதிப்பு இரண்டாம் பத்தில் மட்டும் இருக்கும். பப்பெட் போன்ற கருவிகளில் ‘இந்தப் பொதி எப்போதும் ஆகப் புதியதாக இருக்கட்டும்’ என்று எழுத முடியும். பார்க்க நல்ல விதியாகத் தோன்றும் இதுதான் வழங்கிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக வைக்கிறது. சமையல் குறிப்பு ஒன்றாக இருந்தாலும் மாவு வேறு நாளில் அரைத்தது.

அனுபவப்பட்ட நிர்வாகிகள் இதற்கு வெளிக் களஞ்சியத்தை நேரடியாக நம்பாமல் உள்ளுக்குள் ஒரு நகலை வைத்துக்கொண்டார்கள். ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையில் அந்த நகலை உறையவைத்து, முதலில் சோதனை வழங்கிகளுக்கும் பிறகு அதே உறைந்த நகலை மற்ற எல்லாவற்றுக்கும் தருவார்கள். ரெட் ஹேட்டின் சாட்டிலைட், 2008இல் அதிலிருந்து திறந்த மூலமாக வெளிவந்த ஸ்பேஸ்வாக் ஆகியவை இந்தப் பழக்கத்தைக் கருவியாக்கின. டெபியனின் பழைய களஞ்சிய நிலைகளை நாள்வாரியாகச் சேமிக்கும் இணையக் காப்பகமும் இன்று இருக்கிறது.

376 பைட்

விண்டோஸ் உலகில் இந்தப் பாடம் கடுமையாக வந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தளத்தின் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆறு மாதம் கழித்து, 2003 ஜனவரி 25 அன்று, அதே ஓட்டை வழியாக ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. வெறும் 376 பைட் அளவுள்ள அந்தப் புழு, தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகியது. ஓட்டை மூடப்படாத வழங்கிகளில் தொண்ணூறு விழுக்காட்டைப் பத்தே நிமிடங்களில் பிடித்தது. பாதிக்கப்பட்டவை குறைந்தது 75,000. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் பல பணம் தர மறுத்தன. மைக்ரோசாஃப்டின் உள் வலையமைப்பிலேயே திருத்தம் போடாத இயந்திரங்கள் சிக்கின.

நிர்வாகிகளின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தரவுத்தளத்தின் சிறிய வடிவம் வேறு பல மென்பொருள்களுக்குள் மறைந்து நிறுவப்பட்டிருந்தது. அது தம்மிடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ திருத்தத்தின் மேலேயே அச்சம் இருந்தது. 1999இல் விண்டோஸ் என்டி 4.0க்கு வந்த ஆறாவது சேவைத் தொகுப்பு, லோட்டஸ் நோட்ஸ் போன்ற மென்பொருள்களை நிறுத்திவிட்டதால், அடுத்த மாதமே திருத்தத்துக்குத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஒருமுறை கை சுட்டவர் அடுத்த திருத்தத்தைத் தள்ளிப்போடுவது இயல்பு.

2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட், திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் மொத்தமாக வெளியிடத் தொடங்கியது. என்று வரும் என்று தெரிந்தால் சோதிக்க ஆள் ஒதுக்கலாம். இயந்திரங்களைக் குழுக்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக இற்றைப்படுத்தலாம். 2005இல் வந்த ‘டபிள்யூசஸ்’ என்ற வழங்கி மென்பொருள், நிர்வாகி ஒப்புதல் தந்த திருத்தங்களை மட்டும் நிறுவனத்துக்குள் விநியோகித்தது. எந்த இயந்திரத்தில் எது விடுபட்டது என்ற அறிக்கையையும் தந்தது.

எட்டாவது வழங்கி

விடுபட்ட ஒன்றே ஒன்று என்ன செய்யும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் மிகப் பெரிய தரகு நிறுவனங்களில் ஒன்று அது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் ஒன்றைத் தொடங்க இருந்தது. அதற்காக நைட் தன் ஆணை அனுப்பும் மென்பொருளை மாற்றி எழுதியது. அந்த மென்பொருள் எட்டு வழங்கிகளில் ஓடியது.

அதற்குள் ‘பவர் பெக்’ என்ற பழைய பகுதி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. 2003இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிரலிலிருந்து நீக்கவில்லை. ஓர் ஆணைக்கு வேண்டிய அளவு பங்குகள் வாங்கப்பட்டனவா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 2012இல் புதிய நிரலை எழுதியவர்கள், முன்பு பவர் பெக்கை எழுப்பப் பயன்பட்ட அதே அடையாளக் குறியைப் புதிய திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். புதிய நிரல் உள்ள வழங்கியில் அந்தக் குறிக்குப் பொருள் ஒன்று. பழைய நிரல் உள்ள வழங்கியில் பொருள் வேறு.

ஜூலை 27 முதல், ஒரு நாளுக்குச் சில வழங்கிகள் என்று புதிய நிரல் படிப்படியாக நிறுவப்பட்டது. இந்த முறையில் தவறில்லை. ஆனால் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எட்டில் ஒன்றுக்கு அதை நகலெடுக்கவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வழி விதி நிறுவனத்தில் இல்லை. யாரும் சரிபார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 1 காலை 8 மணியளவிலிருந்து, பவர் பெக்கின் பெயரைக் குறிப்பிட்ட 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றன. அவை அவசர எச்சரிக்கை என்ற வகையில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனவே யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 9.30க்குச் சந்தை திறந்தது. ஏழு வழங்கிகள் சரியாக வேலை செய்தன. எட்டாவதுக்குப் போன ஆணைகளில் பழைய பவர் பெக் விழித்துக்கொண்டது. எண்ணி நிறுத்தும் பகுதி அதனிடம் இல்லாததால், வாங்கிய ஆணையையே மீண்டும் மீண்டும் வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது. வந்த ஆணைகள் 212. சுமார் 45 நிமிடங்களில் நடந்த வர்த்தகங்கள் 40 லட்சத்துக்கும் மேல். பங்குகள் 154 நிறுவனங்களுடையவை, 39.7 கோடிக்கும் மேல்.

அந்த 45 நிமிடங்களுக்குள் நடந்த ஒரு செயல்தான் இந்த வரலாற்றுக்கு முக்கியமானது. எது கோளாறு என்று தெரியாத பதற்றத்தில், புதிய நிரலில்தான் பிழை என்று எண்ணி, அது சரியாக நிறுவப்பட்டிருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். எட்டு வழங்கிகளும் அப்போது ஒன்றுபோல் ஆகிவிட்டன; எட்டிலும் பவர் பெக் ஓடியது. எந்த வழங்கி மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும் பட்டியல் ஒன்று இருந்திருந்தால், அந்த ஒன்றை அணைத்தால் போதுமாயிருந்திருக்கும்.

இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். சில நாள்களில் வேறு முதலீட்டாளர்கள் பணம் போட்டு நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள். மறு ஆண்டு அது கெட்கோ என்ற நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்து வெளியிட்ட ஆணையில் மேலே கண்ட விவரங்கள் வரிசையாக உள்ளன. பங்குவர்த்தக அரங்குகளுக்காகவே ட்ராகாட்டும் ஹடில்ஸ்டனும் எழுதிய கட்டுரைக்கு அப்போது பதினைந்து வயது.

எரித்துவிட்டுப் புதிதாக

அந்த ஆண்டுகளில் நிர்வாகிகளின் சிந்தனை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கையால் செய்த மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து உலகில் வேறெதைப் போலவும் இல்லாமல் ஆகிவிட்ட வழங்கியை மார்ட்டின் ஃபவுலர் 2012இல் பனித்துகளோடு ஒப்பிட்டார். எந்த இரண்டு பனித்துகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2013இல் சாட் ஃபவுலர், ஓடும் வழங்கியைத் திருத்தவே கூடாது என்றார். மாற்றம் வேண்டுமானால் புதிய வழங்கியை முழுமையாக உருவாக்கி, பழையதை எறிந்துவிட வேண்டும். மேகக் கணிமையில் ஒரு வழங்கியை உருவாக்கச் சில நிமிடங்களே போதும் என்பதால் இது நடைமுறையானது. அதே ஆண்டு வெளிவந்த டாக்கர், மென்பொருளையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே கொள்கலனில் அடைத்து இந்த முறையை எங்கும் பரப்பியது. இவற்றுக்கு முன்பே, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய நிக்ஸ், ஒவ்வொரு பொதியின் இருப்பிடத்தையும் அது எவற்றால் கட்டப்பட்டது என்பதிலிருந்து கணக்கிட்ட குறியால் அடையாளப்படுத்தியது. குறி ஒன்றென்றால் அதைக் கட்டப் பயன்பட்டவையும் ஒன்று.

பழைய நோய் இங்கேயும் வேறு உருவில் வந்தது. கொள்கலனுக்கு ‘ஆகப் புதியது’ என்ற பெயர்ச்சீட்டு உண்டு. அது நேற்று சுட்டியதை இன்று சுட்டாது. வழங்கியின் இயங்குதளத்தை ஒழுங்காக இற்றைப்படுத்திவிட்டு, அதன்மேல் ஓடும் கொள்கலனுக்குள் இரண்டு ஆண்டுப் பழைய நிரல்தொகுதி இருப்பதைக் கவனிக்காத இடங்களும் உண்டு.

வட்டில் இருப்பது வேறு, நினைவகத்தில் ஓடுவது வேறு என்பதும் பலருக்குத் தாமதமாகவே புரிந்தது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, பொதியை இற்றைப்படுத்தினால் மட்டும் போதவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சேவை பழைய நிரலையே நினைவகத்தில் வைத்திருக்கும். பதிப்புப் பட்டியல் எல்லாம் சரி என்று காட்டும். மறுதொடக்கம் செய்யப்படாத வழங்கி ஓட்டையோடு நிற்கும். வழங்கியை நிறுத்தாமலே லினக்ஸ் கெர்னலைத் திருத்தும் வசதி 2015இல் 4.0 பதிப்பில் சேர்ந்ததற்கு, மறுதொடக்கத்துக்கு நேரம் கிடைக்காமல் திருத்தம் தள்ளிப்போவதே காரணம்.

கருவி எதுவானாலும், பட்டியலில் இல்லாத இயந்திரத்தை அதனால் காப்பாற்ற முடியாது. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸின் ஓட்டை அறிவிக்கப்பட்டதும், அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 48 மணி நேரத்தில் திருத்தம் போடுமாறு தன் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஒரு வாரத்தில் வலையமைப்பை அலசியும் பார்த்தது. ஓட்டை உள்ள வழங்கி அந்த அலசலில் அகப்படவில்லை. மே மாதம் அதன் வழியாக நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின.

ஒன்றுபோல் இருப்பதன் விலை

இத்தனை காலமும் ஒருமை என்பதே இலக்காக இருந்தது. அதன் மறுபக்கத்தை உலகம் 2024 ஜூலை 19 அன்று பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு, உலக நேரப்படி அதிகாலை 4.09க்கு ஓர் இற்றைக் கோப்பு சென்றது. அதில் இருந்த பிழை விண்டோஸை முடக்கி நீலத்திரையில் நிறுத்தியது. 5.27க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த 78 நிமிடங்களில் பெற்றுக்கொண்ட இயந்திரங்கள் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன, இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கவனமாக இருந்த வாடிக்கையாளர்களும் இதில் தப்பவில்லை. மென்பொருளின் ஆகப் புதிய பதிப்பை எடுக்காமல் ஒன்றிரண்டு பதிப்பு பின்தங்கியே இருக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தேர்ந்திருந்தன. சுரங்கத்துக்குள் நச்சுக்காற்றை அறிய முதலில் கேனரிப் பறவையை அனுப்பியது போல, சில இயந்திரங்களில் மட்டும் முதலில் சோதிப்பது அவர்கள் வழக்கம். ஆனால் அந்த வசதி மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே பொருந்தியது. புதிய தாக்குதல்களை அடையாளம் காட்டும் உள்ளடக்கக் கோப்பு அதைக் கடந்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. வேகமாகப் போக வேண்டும் என்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆறு மாதம் காத்திருந்த ஸ்லாமர் காலத்துக்கு நேர் எதிரான அவசரம்.

முடங்கிய இயந்திரம் வலையமைப்போடு பேசாது. ஆகவே பப்பெட், ஆன்சிபிள், டபிள்யூசஸ் எதுவும் எட்டவில்லை. பல இடங்களில் ஆள் நேரில் சென்று, இயந்திரத்தைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கான நீண்ட எண்ணையும் தட்டெழுத வேண்டும். அந்த எண்களைச் சேமித்திருந்த வழங்கியும் சில இடங்களில் நீலத்திரையில் நின்றது. அதன் பிறகு அந்த நிறுவனம், உள்ளடக்கக் கோப்புகளையும் படிப்படியாகவே வெளியிடுவதாகவும், எப்போது பெறுவது என்பதை வாடிக்கையாளரே தேர்ந்துகொள்ளலாம் என்றும் அறிவித்தது.